இரத்த ஓட்டம் பார்க்கும் சென்சர் உள்ள கருவியால்தான் ஒப்பரேஷன் செய்ய வேண்டுமா?

அம்மாவுக்குக் குடலில் கட்டி, வெட்டி எடுக்க வேண்டும், பல வருடமாகச் சீனி வருத்தமும் இருக்கிறது, கொழும்பில் இரத்த ஓட்டத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் சென்சர் வைத்த கருவிகள் இருக்கிறதாம், அப்படியென்றால் திருகோணமலையில் செய்வது ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை. கிழக்கில் தியேட்டர் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்று இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவை உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரோடு பேசி எடுங்கள்.

நேராகச் சொன்னால், சென்சர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து ஆஸ்பத்திரியைத் தெரிவு செய்யாதீர்கள்.

முதலில் இந்தச் சென்சர் எதற்கு வந்தது என்று பாருங்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் மிச்ச இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும், அந்த நுனிகளுக்கு இரத்தம் ஒழுங்காக வராவிட்டால் தையல் ஆறாது, சில நாளில் கசியும், கசிந்தால் வயிறு முழுக்கக் கிருமி. வயிற்றைத் திறந்து செய்யும்போது டொக்டர் குடலைத் தாங்கும் சவ்வை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து நாடி துடிக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம் வெட்டிய ஓரத்தில் சிறு நாடியொன்றிலிருந்து நல்ல சிவப்பு இரத்தம் துடித்துத் தெறிக்கிறதா என்று பார்ப்பார், தெறித்தால்தான் தையலுக்கு ஊசியைக் கேட்பார், கருஞ்சிவப்பாகச் சும்மா கசிந்தால் இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி வெட்டுவார். சிறு துளை போட்டுக் கமெராவில் பார்த்துச் செய்யும் முறை வந்ததும் இந்த விரல் வேலை பெரும்பாலும் போய்விட்டது. நீண்ட இடுக்கியின் மறுமுனையில் நாடி துடிப்பது கைக்குத் தெரியாது. போன அந்த உணர்வைத் திருப்பிக் கொடுக்கத்தான் கருவி நுனியிலும் கமெராவிலும் சென்சர் வைக்கிறார்கள். நல்ல முயற்சி, நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை.

குடல் ஒப்பரேஷனுக்கு இன்று அதிகம் பேசப்படுவது இன்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம். 1959 முதல் பாவனையில் உள்ள பழைய மருந்துதான். கை நரம்பில் ஏற்றினால் இரத்தத்தோடு ஓடி, அகச்சிவப்புக் கதிரைப் பார்க்கும் கமெராவில் ஒளிரும், ஓட்டம் உள்ள குடல் பளிச்சென்று தெரியும், இல்லாத பகுதி இருட்டாகவே நிற்கும். எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவெடுக்க இது உண்மையில் உதவும். சில நிமிடங்களுக்குள் ஈரல் அந்தச் சாயத்தைப் பித்தத்தோடு வெளியேற்றத் தொடங்கிவிடும். சாயத்தில் அயடீன் இருப்பதால் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

லேசர் டொப்ளர் வேறு விதம். லேசர் ஒளியைக் குடலின்மேல் பாய்ச்சி, ஓடுகிற சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தைப் பிடிக்கிறது. ஒளியைக் கொண்டுபோகும் இழை மெல்லியது என்பதால் கருவி நுனியில் வைக்க ஏற்றது. சிக்கல் எங்கே என்றால், அது பார்ப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழம், அதுவும் தொட்ட அந்த ஒரு புள்ளி. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அந்த அழுத்தமே சிறு குழாய்களை மூடிவிடும், கை சற்று ஆடினால் அந்த ஆட்டத்தையும் ஓட்டம் என்று கணக்கெடுக்கும். நோயாளி மூச்சு விடும்போது குடலும் அசையும் என்பதை யோசித்துப் பாருங்கள். வரும் எண்ணும் ஒப்பீட்டு எண்தான், இத்தனை மில்லிலீற்றர் என்று சொல்லாது.

இருதய பைபாஸில் பாவிப்பது இன்னொன்று. புதிதாகத் தைத்த குழாயைச் சுற்றி ஒரு சிறு கொக்கியை மாட்டுவார்கள், அதிலிருந்து மீயொலி ஓட்டத்தோடு போக எடுக்கும் நேரத்தையும் எதிர்த்துப் போக எடுக்கும் நேரத்தையும் ஒப்பிட்டு, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று நேரடியாகக் காட்டும். 20க்குக் கீழே நின்றால் சந்தேகப்பட்டு, நெஞ்சை மூடுமுன்பே தையலைத் திரும்பப் பார்ப்பார்கள். இந்த வகையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஏனென்றால் அந்த நிமிடமே திருத்தக்கூடிய ஒரு கேள்விக்கு அது பதில் சொல்கிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அது தேவையில்லை.

இரத்தக் குழாயை அழுத்திச் சூடாக்கி மூடும் மின் இடுக்கியையும் பலர் இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள். அதில் சென்சர் உண்டு, ஆனால் அது அளப்பது இடுக்கி பிடித்திருக்கும் பகுதியின் மின்தடையை, மூடியது போதும் என்று தானாக நிறுத்துவதற்காக. இரத்த ஓட்டத்தை அது பார்ப்பதேயில்லை. விரலில் மாட்டும் ஒட்சிமானியும் அப்படித்தான், இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று சொல்லும், எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்று சொல்லாது.

இதையெல்லாம் ஏன் எல்லாக் கத்தி கத்தரிக்கோலிலும் வைக்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். தியேட்டர் சாமான்களை 121 அல்லது 134 பாகை நீராவியில் அவிக்கிறோம். அதில் சாதாரண மின்னணுச் சாமான் தாங்காது. ஒன்றில் ஒரு தடவை பாவித்து எறிய வேண்டும், இல்லையென்றால் குறைந்த வெப்பத்தில் வாயுவால் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டுமே செலவு.

சரி, உங்கள் அம்மா. தையல் கசிவதற்கு இரத்த ஓட்டம் ஒரு காரணம் மட்டுமே. தையல் இழுபட்டு இறுக்கமாக நிற்பது, கட்டி மலவாசலுக்குக் கிட்ட இருப்பது, புகைத்தல், சாப்பாடு குறைந்து உடம்பு மெலிந்திருப்பது, கட்டுப்படாத சீனி, இவற்றை எந்தச் சென்சரும் சரிசெய்யாது. ஆகவே டொக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: கட்டி எந்த இடத்தில், இந்த ஒப்பரேஷனை இங்கே வழக்கமாகச் செய்கிறீர்களா, பிறகு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் கிடைக்குமா, சீனியை எந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கட்டி மிகக் கீழே இருக்கிறது, கொழும்புக்குப் போங்கள் என்று அவரே சொன்னால் தயங்காமல் போங்கள்.

இன்னொன்று, இதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒப்பரேஷன் நாளில் இரத்தம் கட்டிப்படாமல் இருக்கக் காலுக்கு இறுக்கமான காலுறை போடுவது வழக்கம். நாட்பட்ட சீனி வருத்தக்காரருக்குக் காலின் நாடி ஏற்கனவே அடைத்திருந்தால் அந்தக் காலுறையே விரலைக் கறுக்க வைத்துவிடும். அதனால் போடுமுன் கையடக்க டொப்ளரால், அதாவது நாடியின் ஓட்டத்தை மீயொலியால் பிடித்துச் சத்தமாகக் கேட்க வைக்கும் சிறு கருவியால், பார்க்க வேண்டும்: உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் ஜெல் தடவி, பேனா மாதிரி உள்ள முனையைச் சரித்துப் பிடித்தால் நல்ல நாடி துள்ளித் துள்ளிக் கேட்கும், அடைப்பு இருந்தால் மெல்லிய ஒற்றைச் சத்தம்தான் வரும். காலில் பிறஷர் பட்டி கட்டி எடுக்கும் கணக்கை மட்டும் நம்பக் கூடாது, சீனி வருத்தத்தில் குழாய் சுண்ணாம்பாகி இறுகினால் எண் நல்லதுபோலக் காட்டும். குச்சவெளி, மூதூர்ப் பக்கமிருந்து காலில் சிப்பி வெட்டிய புண்ணோடு வரும் மீன்பிடிக்காரர்களின் கால்களை இந்தச் சின்னக் கருவியால் பார்த்த எனக்கு, சென்சர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அனுமதிக்கும் அன்றே வார்ட் மிஸ்ஸியிடம், காலுறை போடுமுன் இரண்டு காலிலும் நாடி பாருங்கள் என்று கேளுங்கள்.