தருமபுரி யார் பக்கம்? – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தேர்தல் போக்கு குறித்து வந்த கேள்விகளுக்கு, வாக்குச்சாவடிப் பணியில் பழக்கப்பட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பதில்கள். 2024 மக்களவைத் தேர்தல் வரையிலான முடிவுகளே இங்கு பேசப்படுகின்றன.

ஐயா, தருமபுரியைப் பாமகவின் (பாட்டாளி மக்கள் கட்சி) கோட்டை என்கிறார்கள். பிறகு ஏன் 2019, 2024 என்று அடுத்தடுத்துத் தோற்றார்கள்? (கல்லூரி மாணவர், தருமபுரி)

கோட்டை என்று சொல்பவர்கள் காரணம் இல்லாமல் சொல்லவில்லை, தம்பி. 1998, 1999, 2004 ஆகிய மூன்று மக்களவைத் தேர்தல்களிலும் இங்கே பாமகதான். 2014இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ அதிமுக அள்ளிக்கொண்டு போனபோது தப்பியவை இரண்டே: கன்னியாகுமரியும் தருமபுரியும். தருமபுரியில் பாமகவின் அன்புமணி 77,146 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

ஆனால் அந்த மூன்று வெற்றிகளையும் யாருடன் சேர்ந்து பெற்றார்கள் என்று பாருங்கள். 1998இல் அதிமுக, 1999இல் திமுக–பாஜக அணி, 2004இல் திமுக–காங்கிரஸ் அணி. அடுத்து, 2014இல் அன்புமணி வாங்கிய வாக்குகள் 4,68,194. 2019இல் வாங்கியவை 5,04,235. முப்பத்தாறாயிரம் வாக்குகள் கூடுதலாக வாங்கித் தோற்றிருக்கிறார்! பாமகவின் வாக்கு எங்கும் ஓடிப்போகவில்லை. 2014இல் பிரிந்து கிடந்த எதிர் வாக்கு 2019இல் திமுகவின் பின்னால் திரண்டது. திமுகவின் செந்தில்குமார் 70,753 வாக்குகள் முன்னால் போனார். பாமகவிடம் இருப்பது உறுதியான வாக்கு, ஆனால் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் சிதறினால் அது வெல்லும், சேர்ந்தால் தோற்கும்.

2019இல் அதிமுகவும் பாமகவும் ஒரே கூட்டணிதானே? அதிமுக வாக்குகள் எங்கே போயின? (மளிகைக்கடைக்காரர், அரூர்)

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 2014இல் இங்கே அதிமுக தனியாக 3,91,048 வாங்கியது. அதையும் பாமக வாக்கையும் கூட்டினால் எட்டரை லட்சம். 2019இல் கிடைத்ததோ ஐந்து லட்சம். மூன்றரை லட்சம் வாக்குகள் கூட்டணி மேடையில் ஏறவே இல்லை.

இதற்குப் பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதே 2019 ஏப்ரலில், அதே நாளில், அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் சட்டமன்ற இடைத்தேர்தல். அதிமுகவிலிருந்து டி.டி.வி. தினகரன் பக்கம் போய்ப் பதவி இழந்த எம்.எல்.ஏ.க்களின் இடங்கள் அவை. இரண்டிலும் அதிமுக வென்றது. மக்களவைக்கோ ஒட்டுமொத்தத் தொகுதி திமுகவைத் தேர்ந்தெடுத்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இயந்திரங்களை வைத்தால், நம் ஆள் இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடமாட்டான். மாநில ஆட்சிக்கு ஒரு யோசனை, டெல்லிக்கு ஒரு யோசனை. இதைச் சென்னையில் உட்கார்ந்து அலசுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் 2024இல் அதிமுகவும் பாமகவும் சேர்ந்திருந்தால் வென்றிருக்கும் என்பது பொய்யா? (பாலக்கோடு)

காகிதத்தில் உண்மை. பாமகவின் சௌமியா அன்புமணி 4,11,367, அதிமுக ஏறக்குறைய 2.93 லட்சம், வென்ற திமுகவின் ஆ. மணி 4,32,667. கூட்டினால் ஏழு லட்சம், மலைபோல் வித்தியாசம். மேலே சொன்ன 2019ஐப் பார்த்த பிறகும் அந்தக் கூட்டலை நம்புவீர்களா? நான் நம்பமாட்டேன். அதே சமயம், தோல்வி வெறும் 21,300 வாக்கில் என்பதால், அதிமுக வாக்கில் பத்தில் ஒரு பங்கு வந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும் என்பதையும் மறுக்கமாட்டேன்.

இன்னொன்று: 2021 சட்டமன்றத் தேர்தலில் இதே இரு கட்சிகளும் சேர்ந்து நின்று தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளையும் வாரிக்கொண்டன. மக்களவைத் தொகுதிக்குள் வரும் மேட்டூரும் சேர்த்தால் ஆறுக்கு ஆறு. மாநிலம் முழுவதும் திமுக அலை அடித்த ஆண்டு அது. பாமகவின் அடித்தளமான வன்னியர் சமூகத்துக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டத்தை அதிமுக அரசு அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்னால், பிப்ரவரியில்தான் நிறைவேற்றியது. 2021 நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

வன்னியர்கள் எல்லோரும் பாமகவின் மாம்பழச் சின்னத்துக்குத்தான் போடுகிறார்களா? (பென்னாகரம்)

உங்கள் தொகுதியைவிட நல்ல பதில் வேறில்லை, அம்மா. வன்னியர் செறிந்த பென்னாகரத்தில் 1996, 2001 பாமகவின் ஜி.கே. மணி. 2006 திமுக. 2010 இடைத்தேர்தலில் திமுக வென்றது. தனித்து நின்ற பாமக இரண்டாமிடம், அதிமுக டெபாசிட்டையே இழந்தது. 2011இல் இந்தியக் கம்யூனிஸ்ட். 2016இல் முதல்வர் வேட்பாளராகவே அன்புமணி இங்கு நின்றும் திமுகவிடம் தோற்றார். 2021இல் மறுபடியும் ஜி.கே. மணி. எல்லோரும் ஒரே சின்னத்துக்குப் போட்டால் இந்தப் பட்டியல் இப்படியா இருக்கும்? திமுகவும் அதிமுகவும் பெரும்பாலும் அதே சமூகத்தவரையே எதிரில் நிறுத்துகின்றன. சாதி சாதியோடு கழிந்துபோக, மிஞ்சுவது கட்சியும் ஆளும்தான்.

வன்னியருக்கு இடஒதுக்கீடு கேட்டு 1987இல் நடந்த சாலை மறியலில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களின் நினைவும், 1989இல் கிடைத்த மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீதமும் மூத்தவர்களை இன்னும் கட்டிப்போடுகின்றன. பேரப்பிள்ளைகளிடம் அந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

தலித் வாக்காளர்கள்? (பெயர் வேண்டாம்)

2012 நவம்பரில் நத்தம் காலனியிலும் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் சாதி வன்முறையில் தலித் வீடுகள் எரிந்ததை எந்தக் கூட்டணிப் பேச்சாலும் அழிக்க முடியவில்லை. பாமக எந்த அணியில் இருக்கிறதோ, அந்த அணிக்கு அதற்கான விலை உண்டு. மேடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

இவ்வளவு சாதிப் பேச்சுக்கு நடுவே கம்யூனிஸ்ட்கள் எப்படி வென்றார்கள்? (வங்கி ஊழியர், ஊத்தங்கரை)

அரூர்ப் பக்கத்து வாச்சாத்திதான் பதில். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று அரசே சொன்ன காலத்தில், வழக்கைத் தூக்கிச் சுமந்தவர்கள் மார்க்சிஸ்டுகளும் மலைவாழ் மக்கள் சங்கமும். 2011இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரூரில் 2006, 2011 இரண்டு முறையும் மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. வந்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கூட்டணி பலமும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஒரு தொகுதியைக் கேட்டு வாங்க அங்கே உழைத்த முகம் வேண்டும்.

எங்கள் ஓசூர்ப் பக்கம் பாமக பேச்சே எடுபடுவதில்லையே? (தொழிற்சாலை ஊழியர், ஓசூர்)

2004 வரை ஒரே மாவட்டம், ஆனால் அரசியல் வேறு. உங்கள் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் ஏராளம். பழைய காங்கிரஸ் வேர் இன்னும் காயவில்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி உங்களுக்கு அருகில்தானே. காங்கிரஸின் கே. கோபிநாத் 2001, 2006, 2011 என்று ஓசூரில் தொடர்ந்து வென்று, 2024இல் கிருஷ்ணகிரி எம்.பி. ஆனார்; பதவிப் பிரமாணத்தைத் தெலுங்கில் எடுத்துக்கொண்டார். முகநூலில் கொதித்தவர்கள் உண்டு. ஓசூர்ச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றவருக்கு அதில் அதிசயம் எதுவும் இருந்திருக்காது.

தளி இன்னும் வேடிக்கை. 2001இல் பாஜக, 2006இல் சுயேச்சை, 2011இல் இந்தியக் கம்யூனிஸ்ட், 2016இல் திமுக, 2021இல் மறுபடி கம்யூனிஸ்ட். சுயேச்சையும் கம்யூனிஸ்டும் ஒரே ஆள், டி. ராமச்சந்திரன். தளிக்காரர்கள் எந்தச் சித்தாந்தத்துக்கு மாறினார்கள் என்று ஆராய்ச்சி செய்வதில் பயனில்லை.

1996இல் பர்கூரில் ஜெயலலிதா தோற்றது சாதியாலா? (பர்கூர்)

இல்லை. ஆட்சி மீதான கோபம். அந்த ஆண்டு அவர் எங்கு நின்றிருந்தாலும் கஷ்டம்தான்.

நம் மாவட்டத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வாக்குப்பதிவு? (பெங்களூரில் வேலை செய்பவர்)

2024இல் இங்கே 81 சதவீதம் தாண்டியது, மாநிலச் சராசரி 70ஐக்கூடத் தொடவில்லை. காரணம் உங்களைப் போன்றவர்கள்தான். பெங்களூரிலும் திருப்பூரிலும் கட்டட வேலைக்கும் பனியன் வேலைக்கும் போனவர்கள் வாக்காளர் பட்டியலை ஊரிலேயே வைத்திருக்கிறீர்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு பஸ் கூரை வரைக்கும் ஆள். போட்டி இறுக்கமாக இருக்கும் ஊரில், வராதவர் யாரென்று தெரு முழுக்கத் தெரியும். கட்சிக்காரர்கள் வண்டி பிடித்துத் தருவதும் உண்டு. அது உங்களுக்கே தெரியும்.

சாதி, கூட்டணி தவிர வேறு எதற்கும் இங்கே வாக்கு இல்லையா? (விவசாயி, காரிமங்கலம்)

தண்ணீருக்கு உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013இல் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். இரு கட்சியும் இன்றுவரை அதைச் சொல்லியே வாக்குக் கேட்கின்றன. காவிரி உபரி நீரை ஏரிகளுக்குக் கொண்டுவரச் சொல்லி 2022இல் அன்புமணி நடைப்பயணம் போனார். குடிநீர் குழாயில் வந்துவிட்டது. பாசனத்துக்கு இன்னும் வரவில்லை. அதனால் அடுத்த முறை உங்கள் ஊருக்கு வருகிறவரிடம், எந்த ஏரிக்கு, எந்த வழியாக, எந்த ஆண்டு பட்ஜெட்டில் என்று கேளுங்கள். மூன்று கேள்விக்கும் சேர்த்து விடை வைத்திருக்கும் வேட்பாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.