மேற்கத்திய பாப், ராக் மியூசிக் வீடியோக்களை எப்படி விமர்சனம் செய்வது?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: பாப், ராக் வீடியோக்கள் நிறையப் பார்க்கிறார், எழுதவும் ஆசை. ஆனால் உட்கார்ந்தால் 'பாட்டு சூப்பர், காட்சிகள் அருமை' என்பதைத் தாண்டி ஒரு வரி வரவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

எனக்கும் ரொம்ப நாள் வண்டி அதே இடத்தில்தான் நின்றது. நான் பத்திரிகைக்காரன் இல்லை. பிடித்த வீடியோக்களைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பழக்கம் பதினைந்து வருடமாக உண்டு. அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு வீடியோவை மூன்று தடவை எடுத்துக்கொள்வேன். முதல் தடவை எல்லாரையும் போலச் சும்மா பார்ப்பது, பேனாவைத் தொடமாட்டேன். இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பார்ப்பது. மூன்றாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்பது. எனக்கு மூன்றாவதுதான் முக்கியம். முன்பு காதில் விழாத ஏதாவது இப்போது விழுகிறதா? அதே வரிக்கு வேறு அர்த்தம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அந்த இயக்குநர் பாட்டைக் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். வரவில்லை என்றால், எவ்வளவு கொட்டிச் செலவு செய்திருந்தாலும் அது பாட்டுக்குப் போர்த்திய பொன்னாடைதான்.

இதை எனக்குப் புரியவைத்தது மிஷேல் கோண்ட்ரி இயக்கிய 'ஸ்டார் கிட்டார்'. கெமிக்கல் பிரதர்ஸ் என்ற, இரண்டு பேர் கொண்ட பிரிட்டிஷ் குழுவின் பாட்டு, 2002-ல் வந்தது. கறாராகப் பார்த்தால் அது ராக் இல்லை, எலக்ட்ரானிக் இசை. ஆனால் வீடியோ பார்க்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது. படம் முழுக்க ஒரே ஒரு ரயில் ஜன்னல். வெளியே வயல், கட்டடம், பாலம், தொழிற்சாலை என்று போய்க்கொண்டே இருக்கும். பாடகர் இல்லை, கதை இல்லை. முதல் தடவை பார்த்தபோது என் நோட்டில் 'ரயில் பயணம், மனசுக்கு இதம்' என்று மட்டும்தான் எழுதினேன்.

சத்தத்தை அணைத்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. வெளியே தெரிகிற பொருட்கள் தாறுமாறாக வரவில்லை, கணக்காக வருகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரலால் மேசையில் தட்டலாம் போல. சத்தத்தை மறுபடி வைத்தால் விஷயம் வெட்டவெளிச்சம். தாளம் விழும்போதெல்லாம் ஏதோ ஒன்று ஜன்னலைக் கடக்கிறது. பாட்டில் புது ஒலி சேர்ந்தால் வெளியே புதுப் பொருள் சேர்கிறது; ஒலி நின்றால் அந்தப் பொருளும் நின்றுவிடுகிறது. தெற்கு பிரான்சில் நீம், வலான்ஸ் ஊர்களுக்கு இடையே ஓடும் ரயிலில் பகலின் வெவ்வேறு நேரங்களில் பலமுறை போய்ப் படம் பிடித்து, கணினியில் கோத்திருக்கிறார்கள். எந்த ஒலிக்கு எந்தப் பொருள் என்று ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, கோப்பை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பார்த்துத் திட்டம் போட்டாராம் கோண்ட்ரி. அதற்கப்புறம் அந்தப் பாட்டை வெறுமனே கேட்டால்கூட ஒலிகள் எனக்குத் தனித்தனியாகப் பிரிந்து கேட்கின்றன. என் காதை அந்தப் படம் பழக்கிவிட்டது. விமர்சனத்தில் எழுத வேண்டியது இதைத்தான். 'அருமை' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

சரி, இதையே உணர்ச்சி கனமான ஒரு பாட்டில் பார்ப்போம். 'ஹர்ட்'. எழுதியவர் நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர்; 1994-ல் வந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஓர் இளைஞனின் குரல் அதில். 2002-ல் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையின் பெரிய தலை ஜானி கேஷ் அதைத் தன் குரலில் பாடி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 70, உடம்பு நன்றாகத் தளர்ந்திருந்தது. மார்க் ரோமானெக் இயக்கிய வீடியோவை டென்னசி மாநிலத்தில் ஹெண்டர்சன்வில்லில் உள்ள கேஷின் வீட்டிலும், நெடுநாள் பூட்டிக்கிடந்து பாழடைந்திருந்த அவருடைய அருங்காட்சியகத்திலும் எடுத்தார்கள்.

இதைச் சத்தமில்லாமல் பாருங்கள். ஆரம்பத்தில் ஷாட்டுகள் நிதானமாக வருகின்றன. கிட்டாரோடு ஒரு முதியவர், மேசை நிறைய விருந்துச் சாப்பாடு, சாப்பிட யாருமில்லை. நடுநடுவே பழைய பிலிமில் இளம் வயதுக் கேஷ்: கட்டுமஸ்தான உடம்பு, ரயில், மேடை, கூட்டம். மாடிப்படியில் அவர் மனைவி ஜூன் கார்ட்டர் கேஷ் நின்று கணவரைப் பார்க்கிறார். அந்தப் பார்வையை நான் எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கவலையும் பிரியமும் கலந்த பார்வை, நம் வீட்டுப் பாட்டிகள் தாத்தாக்களைப் பார்ப்பார்களே, அது. கடைசிப் பகுதியில் ஷாட்டுகள் திடுதிப்பென்று வேகவேகமாக மாறத் தொடங்குகின்றன. கேஷின் கை நடுங்கி மேசை மேல் மதுவைக் கொட்டுகிறது. முன்பு அவரே எடுத்த இயேசு படத்திலிருந்து சிலுவைக் காட்சி வந்து வந்து போகிறது. இப்போது சத்தத்தை வையுங்கள். அந்த இடத்தில் பியானோவில் ஒரே சுரம் விடாமல் அறைந்துகொண்டே இருக்கிறது. அந்த அறைதலைத்தான் எடிட்டர் கத்திரியால் வாசித்திருக்கிறார். மூலப் பாட்டில் இருந்த ஒரு கெட்ட வார்த்தையை மாற்றி 'முள்முடி' என்று பாடியிருந்தார் கேஷ்; சிலுவைக் காட்சி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பாட்டு அடங்கும்போது பியானோ மூடியைச் சாத்தி, அதன் மேல் கையை வைத்துத் தடவுகிறார். அவ்வளவுதான் படம்.

வீடியோ வெளிவந்தது 2003-ல். அந்த மே மாதம் ஜூன் இறந்தார், செப்டம்பரில் கேஷ். ஆனால் இந்தச் சோகத்தைக் காட்டி வீடியோவை உயர்த்திப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். எடுக்கும்போது அது யாருக்கும் தெரியாது. எனக்கு இதில் பெரிய சாட்சி பாட்டை எழுதிய ரெஸ்னர்தான். கேஷ் பாடிய பதிவை முதலில் கேட்டபோது அவருக்கு ஒட்டவில்லை. வேறொருவர் தன் அந்தரங்கத்துக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது என்று சொல்லியிருக்கிறார். வீடியோவைப் பார்த்த பிறகு, இந்தப் பாட்டு இனிமேல் என்னுடையது இல்லை என்று பல பேட்டிகளில் மனம் திறந்து சொன்னார். அதே குரல், அதே பதிவு, ஓர் ஒலிகூட மாறவில்லை. படம் வந்து எழுதியவனின் காதையே மாற்றியிருக்கிறது. ஒரு மியூசிக் வீடியோவிடம் இதற்கு மேல் நான் எதை எதிர்பார்ப்பது?

நான் தப்பாக எழுதிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். அயர்லாந்துப் பாடகி சினேட் ஓ'கானர் பாடிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ', 1990. பாட்டை எழுதியது அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ், வீடியோ இயக்கியது ஜான் மேபரி. கிட்டத்தட்ட முழுப் படமும் ஓ'கானரின் முகம்தான், கறுப்புப் பின்னணியில், மிக அருகில். இடையிடையே பாரிஸ் பக்கத்துப் பூங்காவில் நடக்கும் காட்சிகள் கொஞ்சம். ஆரம்ப காலத்தில் இதைப் பார்த்துவிட்டு 'ஒரே முகத்தை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்' என்று நோட்டில் எழுதினேன். செட் இல்லை, நடனம் இல்லை என்பதைக் குறையாக எண்ணினேன்.

இரண்டு மூன்று வருடம் கழித்து வீட்டில் மறுபடி ஓடவிட்டபோது அக்கா பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு ஆங்கிலப் பாட்டுப் பழக்கமே கிடையாது. பாட்டு முடிவதற்குள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, "இந்தப் பொண்ணுக்கு யாருடா தவறிட்டாங்க?" என்று கேட்டாள். காதலன் விட்டுப்போன பாட்டு அது, யாரும் இறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் படித்தேன். அம்மா நட்ட பூச்செடிகளைப் பற்றி ஒரு வரி வரும். அந்த இடத்தில்தான் கண்ணீர் வருகிறது. திட்டமிட்டு வரவழைத்தது இல்லை. 1985-ல் கார் விபத்தில் இறந்த தன் அம்மாவை நினைத்ததால் வந்தது என்று ஓ'கானரே சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை புரியாமல் அக்கா சரியாகப் படித்ததை, வரிக்கு வரி அர்த்தம் தெரிந்த நான் தவறவிட்டிருந்தேன். காதல் பிரிவுப் பாட்டை அந்த முகம் ஒப்பாரியாக மாற்றிவிட்டது. அன்றிலிருந்து செலவை வைத்து நான் மதிப்புப் போடுவதில்லை. ஓகே கோ குழு 2006-ல் எட்டு டிரெட்மில்களை வைத்துக்கொண்டு, நடுவில் கட் இல்லாமல் ஒரே ஷாட்டில் ஆடி முடித்த வீடியோவுக்கு கிராமி விருதே கிடைத்தது.

அப்புறம், நம் ஊர்க் கண்ணோடு பார்ப்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆர்.இ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' (1991) வீடியோவை இயக்கிய தர்செம் சிங் ஜலந்தரில் பிறந்தவர். இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் இருட்டும் வெளிச்சமும், இறக்கை முளைத்த முதியவரைப் பற்றிய, கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் ஒரு சிறுகதை, கிறிஸ்தவப் புனிதர்கள், நம் கடவுள் உருவங்கள் எல்லாவற்றையும் ஓவியச் சட்டங்கள்போல அடுக்கியிருப்பார். வீட்டுச் சுவரில் காலண்டர் சாமி பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த நிறங்கள் சட்டென்று பிடிபடும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தலைப்பைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'என் மதத்தை இழப்பது' என்று வரும், ஆனால் அது மதத்தைப் பற்றியதே இல்லை. அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சு வழக்கில் அதற்குப் பொறுமை இழப்பது என்று பொருள். பாட்டு ஒருதலைக் காதலைப் பற்றியது என்று பாடகர் மைக்கேல் ஸ்டைப் சொல்லியிருக்கிறார். அப்படியானால் தர்செம் வழி தவறிவிட்டாரா? இல்லை என்பது என் கட்சி. திருப்பாவையும் நாச்சியார் திருமொழியும் இருக்கிற மொழியில் வளர்ந்தவனுக்கு, திரும்பிப் பார்க்காத ஒருவர் முன் மனசைத் திறந்து வைப்பதும் சந்நிதியில் நிற்பதும் அவ்வளவு தூரம் இல்லை. ஸ்டைப் கையை விரித்து ஆடும் அந்தத் தடுமாற்றமான ஆட்டத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன். யாராவது மறுத்தால் சந்தோஷமாகச் சண்டை போடத் தயார்.

தொழில்நுட்பம் பற்றி ஒன்று. 'எப்படி எடுத்தார்கள்' என்பதை முதலில் தேடாதீர்கள். ஜமிரோக்வாய் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'விர்ச்சுவல் இன்சானிட்டி' (1996, இயக்கம் ஜோனதன் கிளேசர்) வீடியோவில் தரை நகர்ந்து பாடகரை இழுத்துப்போவதுபோல இருக்கும். உண்மையில் தரை அசையவில்லை. சுவர்களைத்தான் நகர்த்தினார்கள், கேமராவும் சுவரோடு சேர்ந்து போனது. கோல்ட்பிளேயின் 'தி சயின்டிஸ்ட்' (2002) முழுக்கப் பின்னோக்கி ஓடும். உதடு பாட்டோடு பொருந்துவதற்காகப் பாடகர் கிறிஸ் மார்ட்டின் பாட்டைத் தலைகீழாகப் பாடப் பழகினார். இவையெல்லாம் சுவையான தகவல்கள்தான். ஆனால் முதலில் தெரிந்துகொண்டால் விமர்சனம் முழுக்க வித்தைக்கு விளக்கம் சொல்வதாகவே போய்விடும். காலடி நழுவுகிற உணர்வு எனக்கு வந்ததா, வந்தது பாட்டின் எந்த இடத்தில் என்று எழுதி முடித்துவிட்டு அப்புறம் தேடுங்கள்.

இயக்குநர் பெயரைக் கட்டாயம் போடுங்கள். மியூசிக் வீடியோக்களை ஒளிபரப்புவதற்கென்றே வந்த அமெரிக்க டிவி சேனல் எம்டிவி 1981 ஆகஸ்ட் 1-ல் தொடங்கியது. ஆனால் 1992 இறுதியில்தான் வீடியோவில் இயக்குநர் பெயரைக் காட்டத் தொடங்கினார்கள். பதினோரு வருடம் அந்த மனிதர்கள் பெயர் தெரியாமலே வேலை செய்திருக்கிறார்கள். இன்றும் யூடியூபில் பெயரைக் கண்டுபிடிக்க விளக்கக் குறிப்பின் அடிவரை போக வேண்டியிருக்கிறது. அந்த வேலையை வாசகருக்காக நீங்கள் செய்யுங்கள். ஒரே இயக்குநரின் நாலைந்து வீடியோக்களைச் சேர்த்துப் பார்த்தால் அவர் கை எங்கே தெரிகிறது என்பதும் பிடிபடும். கோண்ட்ரியை வைத்துத் தொடங்கலாம்.

எழுத உட்காரும்போது முழு வீடியோவையும் கதைபோலச் சொல்ல வேண்டாம், அதைத்தான் எல்லாரும் பார்க்க முடியுமே. ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து விநாடி போதும். கண்ணுக்கு என்ன தெரிகிறது, காதில் என்ன விழுகிறது, இரண்டும் சேர்ந்து என்ன ஆகிறது என்று எழுதுங்கள். 'ஹர்ட்' வீடியோவில் ஜூன் மாடிப்படியில் நிற்கும் இடத்தை முதலில் முயன்று பாருங்கள். ஒரு பத்தி வந்ததும் இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், படிக்கிறேன்.