நிறுத்தி வைக்கும் இன்ஜினுக்குள் தண்ணீர் நிற்கலாமா?

ஐப்பசி பிறந்தால் பட்டறைக்கு வரும் கேள்விகளில் பாதி, இன்ஜினை ஓட்டுவது பற்றி இருக்காது. நிறுத்தி வைப்பது பற்றித்தான் இருக்கும். இந்த முறை ஒரு கேள்வி கடல் தாண்டி வந்திருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் மகன் அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறான். பழைய மோட்டார் படகு ஒன்று வாங்கியிருக்கிறான். பெட்ரோல் இன்ஜின், படகுக்கு உள்ளேயே இருக்கிறது. பனிக்காலத்துக்கு முன் ஆன்டிஃப்ரீஸ் (தண்ணீர் உறையாமல் தடுக்கும் திரவம்) ஊற்றிவிட்டால் போதுமா? — அஸ்தம்பட்டி வாசகர்

போதாது ஐயா. முதலில் ஒன்று புரிய வேண்டும். கார் இன்ஜின் தன் கூலன்ட்டைத் தனக்குள்ளேயே சுற்றவிடும். இந்த மாதிரிப் படகுகளில் பல, ஏரித் தண்ணீரையே உறிஞ்சி இன்ஜினுக்குள் ஓடவிட்டு வெளியே தள்ளும். நிறுத்திய பிறகும் பிளாக்குக்குள், அதாவது இன்ஜினின் வார்ப்பிரும்பு உடம்புக்குள், தண்ணீர் தங்கிவிடும். அது உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். வார்ப்பிரும்பு விட்டுக்கொடுக்காது, விரிசல் விடும். பனி உருகி மறுபடி படகை இறக்கும்போதுதான் அது தெரியவரும்.

அதனால் மகனிடம் இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். டேங்கை ஏறக்குறைய நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்கப் போடும் ஸ்டெபிலைசரைக் கலந்து, பத்துப் பதினைந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜின் அறையின் ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரை நாலு நிமிடமாவது ஓட்டட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். படகு கரையில் இருந்தால், தண்ணீர் பம்பின் உறிஞ்சு குழாயை ஒரு டிரம் தண்ணீருக்குள் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும்.

ஓடி முடித்ததும், சூடு ஆறுவதற்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடலாம். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அதோடு ஆறு மாதம் விட்டால் பேரிங்கை அரிக்கும்.

அப்புறம்தான் முக்கிய வேலை. பிளாக்கின் இரு பக்கமும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும், தண்ணீரை வடிக்கும் ட்ரெயின் பிளக் இருக்கும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை. துருவும் வண்டலும் துளையை அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள், சர்ரென்று கொட்டும். தண்ணீரை வடிக்காமல் மேலே ஆன்டிஃப்ரீஸை விட்டால் அது நீர்த்துப்போகும். அதோடு, இன்ஜின் ஆறியிருந்தால், சூட்டுக்குத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், ஊற்றியது பிளாக்குக்குள் போகாமலே வெளியே வந்துவிடும். வடித்து முடித்து, பிளக்கை மாட்டி, மேல் ஹோஸைக் கழற்றி நேராக பிளாக்கில் ஊற்றுவதே எனக்குப் பிடித்த வழி. இளஞ்சிவப்பாக வரும் புரோப்பிலீன் கிளைக்காலையே வாங்கச் சொல்லுங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அடுத்த வருஷம் அப்படியே ஏரிக்குள் போகும்.

கடைசியாக ஃபாகிங் ஆயில் அடித்து சிலிண்டரில் எண்ணெய்ப் படலம் போட்டுவிட்டு, இம்பெல்லரைக் கழற்றி வைத்துவிடலாம். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து வீட்டுக்குள் கொண்டுபோகட்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி அந்தக் குளிரில் உறைந்து வெடிப்பு விடும். ஏதாவது பிளக்கை மாட்டாமல் விட்டிருந்தால், அதை ஒரு பையில் போட்டு ஸ்டார்ட் சாவியோடு கட்டி வைக்க வேண்டும். மறந்துபோய்ப் படகை இறக்கினால் ஏரி உள்ளே வந்துவிடும்!

மேட்டூரில் உபரி நீர் திறந்தால் எங்கள் விசைப்படகை வாரக்கணக்கில் கட்டிப் போட வேண்டியிருக்கிறது. டீசல் இன்ஜின். எங்களுக்கும் ஆன்டிஃப்ரீஸ் வேண்டுமா? — பூலாம்பட்டி வாசகர்

வேண்டாம், காவிரி உறையப் போவதில்லை. உங்களுக்குப் பகை வண்டல்தான். வெள்ளத் தண்ணீரை உறிஞ்சி ஓடிய இன்ஜினை அப்படியே நிறுத்தினால் உள்ளே சேறு படிந்து இறுகிவிடும். நல்ல தண்ணீர் விட்டு அலசி, பிறகு வடித்துவிடுங்கள். டீசல் டேங்க் நிறைந்தே இருக்கட்டும். காலி இடத்தில் காற்றின் ஈரம் நீராகி அடியில் சேரும், அந்த நீரும் டீசலும் சேரும் இடத்தில் பாசி மாதிரிக் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். வாரம் ஒருமுறை ஃப்ளைவீலைக் கையால் சுற்றி வையுங்கள்.

ஒருவேளை இன்ஜினே முழுகிவிட்டால், தயவுசெய்து ஹேண்டில் போட்டுச் சுற்றாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

காப்பிப் பழம் எடுத்து முடிந்ததும் பழத்தோல் உரிக்கும் பல்பரை ஓட்டும் டீசல் இன்ஜினை அடுத்த கார்த்திகை வரை மூடி வைப்போம். ஏற்காட்டுக் குளிரில் உள்ளே தண்ணீர் உறையுமா? — நாகலூர் வாசகர்

உறையாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழியில் பல் கிட்டும், ஆனாலும் குளிர் பூஜ்யத்தைத் தொடாது. அங்கே மூடுபனியின் ஈரம்தான் வேலை வைக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹாப்பரில் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு வருஷம் நானே வடிக்க மறந்துவிட்டு, மறுவருஷம் துருவேறிய வடிகுழாயைக் கழற்ற அரை நாள் போராடினேன். அடுத்த சீசனில் ஊற்றும்போது போர் தண்ணீரை விட்டு மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். எங்கள் சேலத்துப் போர் தண்ணீர் பாத்திரத்தில் உப்புப் பொரை விடுவது போலத்தான் இன்ஜினுக்குள்ளும் விடும்.

பிறகு ஃப்ளைவீலை மெல்லச் சுற்றி, அமுக்கம் கொடுத்து இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு வால்வும் அங்கே மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். ஏர் ஃபில்டரைத் துணியால் கட்டாவிட்டால் எலி குடித்தனம் வந்துவிடும்.

புல் வெட்டும் மெஷின் நாலு மாதம் சும்மா இருந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. — ஏற்காடு வாசகர்

பெட்ரோலை உள்ளேயே விட்டிருப்பீர்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அடுத்த முறை டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வையுங்கள்.

பழைய புல்லட்டை வாரம் ஒருமுறை அஞ்சு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்து வைக்கிறேன். சரிதானே? — அழகாபுரம் வாசகர்

சரியில்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். அஞ்சு நிமிடத்தில் சூடு ஏறாது, அந்த நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஞாயிறு காலையில் ஏற்காடு அடிவாரம் வரை ஓட்டிப்போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். அதற்கு நேரமில்லை என்றால் தொடாமலே விடுங்கள்.