பல் செலவுக்கு 1,40,000 ரூபாய் எஸ்டிமேட்: கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. தருமபுரியில் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டில் தையல் தைத்து மாதம் 8,000 வரை சம்பாதிக்கிறார். வங்கியில் 60,000 ரூபாய் இருக்கிறது. மனைவிக்கு இரவெல்லாம் பல்வலி என்று போன வாரம் குடும்பத்தோடு பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐந்து பேரையும் பார்த்துவிட்டு இந்த எஸ்டிமேட்டைக் கொடுத்தார்கள்.

மனைவி: 46-ஆம் எண் பல், ரூட் கேனல் 5,000, ஜிர்கோனியா கேப் 9,000. எனக்கு: 36, 37 அடைப்பு 2,400, கிளீனிங் 1,000. மகன் (7 வயது): 85, வேர் சிகிச்சையும் கேப்பும் 4,500, நான்கு பற்களுக்கு சீலன்ட் 2,400. மகள் (13 வயது): கிளிப் 45,000, முன்பல் கறைக்கு நான்கு வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய மூடி) 32,000. அம்மா (64 வயது, சர்க்கரை உண்டு): இரண்டு பல் எடுக்க 1,000, ஈறு கிளீனிங் 3,000, ஒரு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) 35,000. மொத்தம் 1,40,300.

வட்டியில்லா இஎம்ஐ இருக்கிறது, 12 மாதம் 11,692 கட்டினால் போதும், பிராசஸிங் கட்டணம் 2,000 மட்டும் என்கிறார்கள். மொத்தமாகக் கட்டினால் 5 சதவீதம் குறைப்பார்களாம். அதற்காக மனைவியின் மூன்று பவுன் செயினை அடகு வைக்கலாமா? கம்பெனி இன்சூரன்சில் வருமா? அம்மாவோ, ‘மருமக பல்லைப் பிடுங்கிட்டா 500 ரூபாயோட போச்சு’ என்கிறார். மகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: எஸ்டிமேட்டை வரி வரியாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. பலர் மொத்தத் தொகையை மட்டும் எழுதுவார்கள். மொத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம்தான் வரும். அந்தச் சீட்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வகைச் செலவுகள் ஒரே கூட்டலில் நிற்கின்றன. தள்ளிப்போட்டால் பெருகும் செலவு ஒன்று. தள்ளிப்போட்டாலும் கெடாதது இன்னொன்று. இப்போது செய்யவே கூடாதது மூன்றாவது. இவற்றைப் பிரித்துவிட்டால் கடன், செயின் இரண்டுக்கும் வேலையில்லை.

முதலில் அந்த எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். வாயை நான்கு பாகமாகப் பிரித்து, மேல் வலதுக்கு 1, மேல் இடதுக்கு 2, கீழ் இடதுக்கு 3, கீழ் வலதுக்கு 4 என்று எண் கொடுப்பார்கள். அடுத்த எண், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக 46 என்றால் கீழ் வலது பக்கம் ஆறாவது பல், சாப்பாட்டை அரைக்கும் பெரிய கடைவாய்ப்பல். பால்பல்லுக்கு இதே வரிசையில் 5 முதல் 8 வரை. உங்கள் மகனின் 85, கீழ் வலதில் கடைசிப் பால்பல். இது தெரிந்தால், எந்தப் பல்லுக்கு என்ன, ஏன் என்று ஒவ்வொரு வரிக்கும் டாக்டரிடம் கேட்கலாம்.

இப்போது மனைவியின் 46. இரவில் படுத்தால் வலிக்கிறது என்றால் சொத்தை நரம்புவரை போயிருக்கலாம். மாத்திரை போட்டு வலி அடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். சில சமயம் நரம்பு செத்துப்போவதால்தான் வலி நிற்கும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். உங்கள் அம்மா சொல்வதை நான் என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். என் அப்பா வலித்த பல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒவ்வொரு முறையும் அதுதான் மலிவு. 60 வயதைத் தாண்டியபோது கீழ்க் கடைவாயில் ஒரு பல்கூட இல்லை. வேர்க்கடலை என்றால் உயிராக இருந்தவர், தட்டில் வைத்ததைப் பேரனிடம் தள்ளிவிடுவார். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களை என்னால் மறக்க முடியவில்லை. கடைவாய்ப்பல் ஒன்று போனால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாயும், எதிர்ப்பல் இறங்கி வரும். பிறகு அந்த இடத்தை நிரப்ப என்ன ஆகும் என்பது உங்கள் எஸ்டிமேட்டிலேயே இருக்கிறது. அம்மாவின் ஒரு இம்ப்ளான்ட் 35,000. மனைவிக்கு 35 வயதுகூட ஆகியிருக்காது. அந்தப் பல் இன்னும் முப்பது, நாற்பது வருடம் உழைக்க வேண்டியது.

ஆகவே ரூட் கேனல் கட்டாயம், கேப்பும் கட்டாயம். ரூட் கேனல் முடிந்ததும் வலி போய்விடுவதால் கேப் போடாமல் விடுபவர்கள் நிறைய. அந்தப் பல் பலவீனமாக இருக்கும், கடிக்கும்போது பிளந்துவிட்டால் செய்த செலவும் வீண். ஆனால் எந்த கேப் என்பதில் உங்களுக்குத் தேர்வு உண்டு. உலோகத்தின் மேல் செராமிக் பூசிய கேப், ஜிர்கோனியாவைவிட விலை குறைவு, கடைவாயில் நன்றாகவே உழைக்கும். அது 4,500 ரூபாயில் அமையும் என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு கணக்குப் போடுகிறேன். உங்கள் கிளினிக்கில் என்ன விலை என்று கேளுங்கள்.

மகனின் 85 விழப்போகிற பல்தானே என்று தோன்றும். அது விழ 10 முதல் 12 வயது ஆகும், இன்னும் மூன்று வருடமாவது இருக்க வேண்டும். முன்னதாகவே எடுத்துவிட்டால், ஆறு வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் முன்னே நகர்ந்து, கீழேயிருந்து வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் செய்யும். அப்புறம் அவனுக்கும் ஒரு 45,000 கிளிப். சீலன்ட் என்பது புதிதாக முளைத்த அந்த ஆறு வயதுப் பற்களின் பள்ளங்களில் பூசி மூடும் பொருள். பிரஷ் நுனி இறங்காத அந்த இடுக்குகளில்தான் சொத்தை தொடங்கும். இந்தச் சீட்டிலேயே பணத்துக்கு அதிகப் பலன் தரும் வரி எது என்று கேட்டால், இந்த 2,400-ஐத்தான் காட்டுவேன். உங்கள் இரண்டு அடைப்பையும் இப்போதே செய்துகொள்ளுங்கள். 1,200 ரூபாய்ச் சொத்தை காத்திருந்தால் ரூட் கேனல் ஆகிவிடும்.

அம்மாவுக்கு ஈறு கிளீனிங்கும், ஆடும் பற்களை எடுப்பதும் முதலில். ஈறில் கிருமி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினம், சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்று அவர் தயங்கலாம். பல்லைச் சுற்றிப் படிந்த காரை போனதும் இடைவெளி தெரிவதால் வரும் எண்ணம் அது. இம்ப்ளான்ட் காத்திருக்கட்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை கட்டுக்குள் வந்தபின், கழற்றி மாட்டும் பல்செட்டா, பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துப் பொருத்தும் பிரிட்ஜா, இம்ப்ளான்ட்டா என்று டாக்டரிடம் பேசலாம். பல்செட்டின் செலவு இம்ப்ளான்ட்டில் சிறு பங்குதான்.

இதுவரை சொன்னதைக் கூட்டுங்கள்: மனைவிக்கு 9,500, உங்களுக்கு 3,400, மகனுக்கு 6,900, அம்மாவுக்கு 4,000. மொத்தம் 23,800. இதை வங்கியிலிருக்கும் 60,000-லிருந்து எடுங்கள். மீதி 36,200 அவசரத்துக்கு அப்படியே இருக்கட்டும். இந்தத் தொகைக்கும் 5 சதவீதம் குறைப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த வட்டியில்லா இஎம்ஐயைப் பற்றிச் சொல்கிறேன். நேராகக் கட்டினால் 5 சதவீதம் குறைப்பு, அதாவது 7,015 ரூபாய். இஎம்ஐயில் அதை இழக்கிறீர்கள். பிராசஸிங் கட்டணம் 2,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2,360. இரண்டும் சேர்த்து 9,375. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், வருடம் முழுவதும் சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் ஏறக்குறைய 71,000 ரூபாய்தான். அதற்கு 9,375 என்றால் வருடத்துக்குச் சுமார் 13 சதவீத வட்டி. 2024 அக்டோபர் முதல், இப்படிப்பட்ட கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு விகிதத்தை எழுதிய விவர அறிக்கையைக் கடன் கொடுப்பவர் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வட்டியைவிட எனக்குக் கவலை வேறு. நிதி நிறுவனம் முழுத் தொகையையும் முதலிலேயே கிளினிக்குக்குக் கொடுத்துவிடும். கிளிப் சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் ஓடும். நடுவில் டாக்டர் மாறினாலும், உங்களுக்கே பிடிக்காமல் போனாலும், தவணை நிற்காது. தவறினால் சிபில் மதிப்பெண் அடிபடும். உங்கள் வருமானத்தில் 11,692 என்பது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தையல் குறைகிற மாதத்தில் என்ன செய்வீர்கள்? செயினைத் தொடவே தேவையில்லை.

இன்சூரன்ஸ்: சாதாரண மருத்துவக் காப்பீட்டில் அடைப்பு, ரூட் கேனல், கிளிப் வராது. விபத்தில் பல் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் வரும். சில கம்பெனி பாலிசிகளில் வெளிநோயாளி செலவுக்கென்று ஒரு தொகை இருக்கும், எச்ஆரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல்லுக்காகவே தனி பாலிசி எடுக்க நான் சொல்ல மாட்டேன். பிரீமியமும் கிடைக்கும் தொகையும் கிட்டத்தட்ட சமமாகவே முடியும். வருமான வரியில் உங்களுக்குச் சலுகை தேட வேண்டியதில்லை, புதிய முறையில் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் வாசகர்கள் இஎஸ்ஐ மருத்துவமனையில் பல் சிகிச்சை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு வழியும் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் அம்மாவின் பற்களைக் காட்டலாம், இரண்டாவது கருத்தும் கேட்கலாம். எக்ஸ்ரே பிரதியைக் கிளினிக்கில் கேட்டு வாங்கிப் போங்கள். சேலத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. அங்கே மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். கட்டணம் வெளியைவிட நன்றாகக் குறையும், நேரம்தான் அதிகம் பிடிக்கும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன, உங்களுக்குத் தூரம்.

இப்போது மகள். 32,000 ரூபாய் வெனீரை அடித்துவிடுங்கள். முன்பல்லில் கறை, ஊர் தருமபுரி என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, நிலத்தடி நீரில் அதிகமாக இருந்தால் பல்லில் கறை விழவைக்கும் ஃபுளூரைடு. டாக்டரிடம் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் கறை சொத்தை கிடையாது, காத்திருந்தால் கெட்டுப்போகாது. வெனீருக்காகப் பல்லின் மேற்பரப்பைச் சீவினால் திரும்ப வராது. 13 வயதில் ஈறும் பல்லும் இன்னும் வளர்கின்றன. 18 வயதுக்குமேல் அவளே முடிவு செய்யட்டும். மேலோட்டமான கறையை லேசாகத் தேய்த்து எடுக்கும் குறைந்த செலவு முறைகள் உண்டு, கிளிப் கழற்றும்போது கேளுங்கள்.

ஆனால் உங்கள் மகனுக்காக ஒன்றை இந்த வாரமே பாருங்கள். வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர்? நிலைத்த பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுவரை உருவாகும். உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பற்களில் கறை விழுவது அந்தக் காலத்தில்தான். உங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே இதற்காகத்தான். குழாயில் அந்தத் தண்ணீர் வந்தால் குடிக்க, சமைக்க அதையே வையுங்கள், போர் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும். கொதிக்கவைத்தால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் அளவு கூடும். போர் தண்ணீர்தான் கதி என்றால் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. ஆர்ஓ ஃபுளூரைடைக் குறைக்கும், யுவி மட்டும் உள்ள பில்டர் குறைக்காது. மகன் பல் தேய்க்கும்போது பட்டாணி அளவு பேஸ்ட் போதும், விழுங்காமல் துப்புகிறானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கிளிப்புக்கு ஐந்து மாதம் கழித்துத் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 13 வயதுக்கு அது பெரும்பாலும் சிக்கலாக இருக்காது. அடுத்த மாதம் முதல் 3,000 ரூபாய் தனிக் கணக்கில் போடுங்கள். அஞ்சலக ஆர்டி ஐந்து வருடத்துக்கானது, இதற்குச் சரிவராது. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும். ஐந்து மாதத்தில் 15,000 சேரும். அதை முன்பணமாகக் கொடுத்து, மீதி 30,000-ஐ ஒவ்வொரு முறை கம்பி முறுக்கப் போகும்போதும் 2,000 வீதம் 15 தடவையில் கொடுக்கிறோம் என்று கேளுங்கள். நிறைய கிளினிக்குகளில் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் நீங்கள் மாதாமாதம் எப்படியும் வரத்தான் போகிறீர்கள். வேலை நடக்க நடக்கப் பணம் போகும்.

அதே 3,000-ஐத் தொடர்ந்து ஒதுக்கினால், கிளிப்புக்கு 2,000 போக மாதம் மீதி 1,000 வருமே, அதுதான் குடும்பத்தின் பல் பணம், வருடத்துக்கு 12,000. ஐந்து பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க, ஒருவருக்கு 200 என்றால் 2,000. பெரியவர்கள் மூவருக்குக் கிளீனிங் 3,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து பிரஷ், 30 ரூபாய் வீதம் 600. ஆக 5,600. மீதி 6,400 அடுத்த அடைப்புக்கோ அம்மாவின் பல்செட்டுக்கோ இருக்கும். கிளிப் முடிந்த பிறகும் இந்த ஆயிரத்தை நிறுத்த வேண்டாம்.

மகள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் பலமுறை படித்தேன். ஐந்து மாதம் அவளுக்கு நீளமாகத் தெரியும். ‘பணம் இல்லை’ என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். கணக்கைக் காட்டுங்கள், முதல் 3,000 போடும்போது கூடவே அழைத்துப் போங்கள், கிளிப் போடும் தேதியை வீட்டுக் காலண்டரில் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.