கட்டுரை நோட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 26 வருடம் தமிழ் நடத்தியவன் நான். ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகளின் எழுத்தைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ஐயா, வகுப்பில் 45 பேர். கட்டுரை நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள். என்ன செய்வது? (புதிதாகச் சேர்ந்த ஆசிரியை)

திருத்துகிற வேலை முழுவதும் உங்கள் தலையில் இருக்கிறது அம்மா. பையன் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நோட்டை மூடிவிடுகிறான். நானும் பத்து வருடம் இப்படித்தான் மையைக் கொட்டினேன். அப்புறம் பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்க ஆரம்பித்தேன். இரண்டு புள்ளி என்றால் இரண்டு பிழை. என்ன பிழை என்று சொல்ல மாட்டேன், அவனே தேடிப் பென்சிலால் திருத்தி வரவேண்டும். மதிப்பெண் அதற்குப் பிறகுதான்.

கட்டுரைக்குக் கீழே இரண்டு வரியும் எழுதச் சொல்வேன். இதில் உனக்குப் பிடித்த வாக்கியம் எது? மறுபடி எழுதினால் எதை மாற்றுவாய்? முதல் மாதம் எல்லாரும் 'கையெழுத்தை மாற்றுவேன்' என்றுதான் எழுதுவார்கள். விட்டுவிடுங்கள். காலாண்டு நெருங்கும்போது 'முன்னுரை நீளம், விஷயம் மூன்றாம் பத்தியில்தான் வருகிறது' என்று ஒருத்தி எழுதுவாள். அவள் நோட்டை வைத்தே ஒரு பீரியட் நடத்தலாம்.

மகள் பத்தாம் வகுப்பு. கட்டுரைகளை வரி மாறாமல் மனப்பாடம் செய்கிறாள். மார்க்கும் வருகிறது. அப்படியே விடலாமா? (ஓர் அம்மா)

மார்க் வரும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே பாடத்தில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு படத்தையும் கொடுக்கிறார்களே, அதற்கு எந்த கைடை உருப்போடுவது?

என்னிடம் படித்த ஒருவன் 'எங்கள் ஊர் ஏரி மிகவும் அழகானது' என்று தொடங்கினான். எப்போது கடைசியாகப் போனாய் என்று கேட்டேன். திருத்தி வந்ததில், ஏரி வற்றிய அன்று ஊரே மீன் பிடிக்க இறங்கியதும் அவனுடைய ஒரு செருப்பு சேற்றோடு போனதும் இருந்தன. 'மிகவும் அழகானது' தானாகக் காணாமல் போயிருந்தது. நீங்களும் அவள் எழுதியதைத் திருத்தாதீர்கள், கேள்வி கேளுங்கள். யார், எப்போது, நீ பார்த்தாயா?

ஒற்றுப் பிழை தீரவே மாட்டேன் என்கிறதே? (ஓர் அப்பா)

எல்லா விதியையும் ஒரே நாளில் ஊற்றினால் தீராது. முதல் மாதம் இரண்டே இடம் பார்க்கட்டும். ஒன்று, 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின்: புத்தகத்தைப் படித்தான், பள்ளிக்குச் சென்றாள். இரண்டு, அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்: அந்தப் பையன். பாதித் தொல்லை இதிலேயே போகும். அடுத்த மாதம், மிகாத இடங்கள்: அது பெரியது, அவனோடு பேசினேன்.

நான் எழுதியதை நானே படித்தால் எல்லாம் சரியாகவே தெரிகிறது ஐயா. (பிளஸ் ஒன் மாணவன்)

எழுதிய சூட்டில் படித்தால் அப்படித்தான் தம்பி. மனதில் இருப்பதைத்தான் கண் படிக்கும். ஒரு ராத்திரி போகட்டும், பிறகு வாய்விட்டுப் படி. மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடை. நீ அனுப்பிய பத்தியிலேயே 'ஏரிகளும் குளங்களும் ஆக்கிரமிப்பாலும் குப்பையாலும் தூர்ந்து போய்விட்டது' என்று இருக்கிறது. நடுவில் நாலு சொல் வந்ததும் எழுவாய் மறந்துவிட்டது. 'போய்விட்டன' என்று காது சொல்லும், கண் சொல்லாது.

செல்போனில் கேட்டால் அதுவே கட்டுரை எழுதித் தருகிறதே, அதைக் கொண்டுவந்தால்? (ஓர் ஆசிரியர்)

திட்ட வேண்டாம் சார். ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டு 'இதை ஏன் இங்கே போட்டாய்?' என்று கேளுங்கள். சொந்தமாக எழுதியவன் ஏதாவது சண்டை போடுவான்.

பரீட்சையில் திருப்பிப் படிக்க நேரமே இல்லை! (பத்தாம் வகுப்பு மாணவி)

பொதுத்தேர்வில் எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். எந்தக் கட்டுரை என்பதை அப்போதே முடிவு செய்துவிடு. கடைசியில் ஐந்தே நிமிடம் மிஞ்சினாலும் போதும், நெடுவினாவை மட்டும் திருப்பிப் பார், அதுவும் நீ வழக்கமாக விடுகிற ஒரே ஒரு பிழைக்காக. உன் நோட்டைப் பார்த்தேன், உனக்கு அது ர, ற.