வாசகர் கேள்வி பதில்: பண்டரிபுரம் போகிற வழியில்

கேள்வி: புனேயில் வேலை பார்க்கிறேன். இந்த வருஷம் அலுவலக நண்பர்களோடு ஆளந்தியில் ஆரம்பித்து சாஸ்வட் வரைக்கும் வாரியில், அதாவது பண்டரிபுரம் விட்டலன் கோயிலுக்குப் போகிற மூன்று வாரப் பாத யாத்திரையில், நடந்தேன். யாரைப் பார்த்தாலும் "மாவுலி", அதாவது தாயே, என்கிறார்கள். என் அப்பா வயதுள்ள ஒருவர் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டதும் கூசிப்போய் நின்றுவிட்டேன். இந்தச் சமத்துவம் நிஜமா, இல்லை மூன்று வாரத்துக்கு மட்டும்தானா?

பதில்: நீங்களும் குனிந்து அவர் காலைத் தொட்டிருக்கலாம், அங்கே அதுதான் வழக்கம். வயது, படிப்பு, சாதி எதையும் விசாரிக்காமல் வார்க்கரிகள், அதாவது வாரி போகிறவர்கள், ஒருவர் காலில் ஒருவர் விழுவார்கள். நீங்கள் கம்ப்யூட்டர் வேலையா கரும்பு வெட்டுகிற வேலையா என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டிருக்கவும் மாட்டார். ஞானேஸ்வரர் பாதுகையைப் பல்லக்கில் வைத்துக்கொண்டு ஆளந்தியிலிருந்து ஒரு கூட்டம், துக்காராமின் பாதுகையோடு தேஹுவிலிருந்து இன்னொரு கூட்டம், சுமார் 250 கிலோமீட்டர், வெயிலும் மழையுமாக. திவே காட் மலைப்பாதை ஏற்றத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கும். அந்த அளவுக்கு நிஜம்தான்.

ஆனால் சமத்துவத்தை நடையில் பார்த்தால் போதாது, பந்தியில் பார்க்கணும். மானுடவியல் அறிஞர் இராவதி கார்வே ஒரு திண்டியோடு, அதாவது சேர்ந்து பாடிக்கொண்டு போகிற ஒரு குழுவோடு, இதே வழியில் நடந்தவர். பகல் முழுக்க ஒரே அபங்கத்தை, அதாவது மராத்தி பக்திப் பாட்டை, சேர்ந்து பாடின பிராமணர்களும் மராட்டாக்களும் சாப்பாட்டு வேளை வந்ததும் தனித்தனியாகப் பிரிந்ததைப் பார்த்து மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர் மறைந்தது 1970ல். அதற்கப்புறம் காலம் எவ்வளவோ மாறிவிட்டது, சரி. இருந்தாலும் உங்கள் திண்டியில் மாவு பிசைந்தது யார், பாத்திரம் கழுவினது யார் என்று கவனித்தீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த லட்சக்கணக்கான பேர் போய்ச் சேருகிற கோயில் வாசலில், விட்டல பக்தர் நாமதேவர் பெயரில் உள்ள படிக்குப் பக்கத்தில், சோக்காமேளாவின் சமாதி இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக்காரர், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மஹர் சாதி, விட்டலனையே நினைத்துப் பாடினவர். அவரைக் கோயிலுக்குள்ளே விடவில்லை. மங்கள்வேடாவில் சுவர் இடிந்து விழுந்து செத்துப்போனார் என்றும், இடிபாடுகளில் விட்டல் விட்டல் என்று சத்தம் வந்த எலும்புகளை நாமதேவர் பொறுக்கி வந்து இங்கே புதைத்தார் என்றும் கதை. செத்த பிறகும் வாசலோடு சரி! அவர் மனைவி சோயராபாய் இன்னும் காரம்: தீட்டு உடம்பிலேயே பிறக்கிறது என்றால் தீட்டில்லாத உடம்பு எது என்று அபங்கத்திலேயே கேட்டுவிட்டாள். அவர்கள் பாட்டை வழியெல்லாம் உருகி உருகிப் பாடிக்கொண்டு வந்தவர்கள், அவர்கள் சாதிக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டார்கள், பல நூறு வருஷம். கதவு திறந்தது 1947ல், சுதந்திரப் போராட்ட வீரர் சானே குருஜி பண்டரிபுரத்திலேயே உண்ணாவிரதம் உட்கார்ந்த பிறகு. பரம்பரைப் பூசாரிகளின் உரிமை உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது 2014ல்; அதன் பிறகுதான் எல்லாச் சாதியாரும் பெண்களும் பூசைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். சேர்ந்து நடந்ததால் மட்டும் இதெல்லாம் நடக்கவில்லை, பட்டினியும் வழக்கும் வேண்டியிருந்தது. அதற்காக அந்தப் பெரியவர் உங்கள் காலைத் தொட்டது பொய் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: திண்டிக்குப் பணம் கட்டினால் கூடாரம், வேளாவேளைக்குச் சாப்பாடு, மூட்டையை லாரியில் ஏற்றிவிடலாம் என்கிறார்கள். வெறுங்கையோடு வருகிறவர் பக்கத்தில் இப்படி நடப்பது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. மூட்டை லாரியில் போவது பெரும்பாலான திண்டிகளில் சாதாரணம், கிராமத்து விவசாயியும் காசு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் வருகிறார். நமக்காகத் தனி அறை, பின்னாலேயே ஏசி கார் என்று போனால்தான் எனக்கு இடிக்கும், ஏனென்றால் அப்புறம் யாரோடும் பேசவே வாய்ப்பு வராது. தண்ணீர் லாரி வந்ததும் முதல் ஆளாகப் பாட்டிலை நீட்டாமல் இருந்தாலே பாதிச் சமத்துவம் வந்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆளந்தி–புனே ஒரு நாள் மட்டும் நடக்கட்டும். புனே–சாஸ்வட் வேண்டாம், வழியிலேயே மிக நீளமான நாள்களில் அது ஒன்று, மலையேற்றம் வேறு. மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போதும், அங்கே பாதிப் பேர் அதோடுதான் நடப்பார்கள். ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரமே போகணும் என்று பிடிவாதம் பிடித்தால் பஸ்ஸில் கூட்டிப்போங்கள், ஆனால் பாதம் தொட்டுக் கும்பிடுகிற வரிசையில் நிற்க வைக்காதீர்கள், மணிக்கணக்காகும். முக தரிசனத்துக்கு வேறு வரிசை உண்டு. அதுவும் முடியாவிட்டால் தூரத்திலிருந்து கோபுரக் கலசத்தைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பலாம். முழுத் தூரமும் நடந்து வந்த வார்க்கரிகளிலேயே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.