காய் மாற்றும் புதிர்: 17 நகர்வு வந்தால் எங்கே இடறியது?

பெரம்பூரிலிருந்து கேட்டிருந்தீர்களே: இடப்பக்கம் 3 கருப்பு, வலப்பக்கம் 3 வெள்ளை, நடுவில் ஒரு காலிக் கட்டம், இடம் மாற்ற மகளுக்கு 17 நகர்வு ஆகிறது, இன்னும் குறையுமா என்று. குறையும். 15 போதும். எங்கோ ஒரு காயைப் பின்னால் இழுத்து மறுபடி முன்னால் தள்ளியிருப்பாள், அதில்தான் 2 கூடிவிட்டது. விதி இதுதான்: ஒரு காயைப் பக்கத்துக் காலிக் கட்டத்துக்கு நகர்த்தலாம், அல்லது எதிர் நிறக் காய் ஒன்றைத் தாண்டி அதற்கு அப்பால் உள்ள காலிக் கட்டத்தில் வைக்கலாம்; இரண்டுமே ஒரு நகர்வுதான்.

நான் வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். கேரம் காய்களை வைத்தே இதைச் செய்யலாம். முதலில் பக்கத்துக்கு 2 காய் வைத்து, எந்த நிறம் நகர்கிறது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்: க, வெவெ, கக, வெவெ, க. அதாவது 1, 2, 2, 2, 1, மொத்தம் 8. மூன்று காய்க்கு 1, 2, 3, 3, 3, 2, 1. எவ்வளவு அழகு பாருங்கள்! நடுவில் இரண்டு கருப்பும் இரண்டு வெள்ளையும் இடையில் காலிக் கட்டம் இல்லாமல் எதிரெதிரே ஒட்டி நின்றால் வழி அடைத்துக்கொள்ளும்.

சரி, 15க்குக் கீழே ஏன் போகாது? ஒவ்வொரு கருப்பும் ஒவ்வொரு வெள்ளையையும் கடந்தாக வேண்டும், அதற்கு 9 தாண்டல். ஒவ்வொரு காயும் 4 கட்டம் போக வேண்டும், ஆறு காய்க்கு 24. தாண்டலுக்கு 2 கட்டம் வீதம் 18 போய்விட்டது. மிச்சம் 6 கட்டம், 6 நகர்த்தல். 9+6=15.

பக்கத்துக்கு 1, 2, 3, 4 காய் வைத்தால் வரும் 3, 8, 15, 24 என்ற வரிசையில் ஒவ்வொன்றோடும் 1 கூட்டச் சொல்லுங்கள், மகளே கண்டுபிடிப்பாள். அப்புறம் 2 கருப்பு, 3 வெள்ளை வைத்துப் பார்க்கட்டும்: 6 தாண்டல், 5 நகர்த்தல், 11.